எல்லோருக்கும் லார்ஜ்

சும்மா கொடுக்கிற பொருளை வாங்க வருகிறவர்கள் சின்னதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. செம்மங்குப்பம் தொழிற்பேட்டையில் சாயப்பொடி தயாரிக்கும் ஓர் ஆலையில் நான் ஸ்டோர் கீப்பர். சீருடை, ஷூ, ரெயின்கோட், கையுறை, முகத்தில் மாட்டும் மாஸ்க் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். ஆறாம் நம்பர் கால் உள்ளவர் எட்டாம் நம்பர் ஷூ கேட்பார், வீட்டில் அண்ணன் இருக்கிறார் என்பார். ஒல்லிக்குச்சியாக இருப்பவர் லார்ஜ் சீருடை கேட்பார், வெட்டித் தைத்தால் மிச்சத் துணியில் ஒரு பை வருமாம். ரெயின்கோட் பெரிதாக இருந்தால் வண்டியில் போகும்போது சாப்பாட்டுப் பையும் நனையாமல் உள்ளே அடங்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கும். நியாயம் இல்லாதவர்களும் லார்ஜ்தான் கேட்பார்கள். பெரிதும் சின்னதும் ஒன்றுபோலச் சும்மா கிடைக்கும்போது சின்னதை வாங்கிக்கொண்டு போகிறவன் ஏமாளி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

"பெரிய மனசு பண்ணுங்க சார், பெருசாவே குடுங்க." ஜன்னலில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சண்டை போட்டிருக்கிறேன். காலை நீட்டச் சொல்லி அளந்து, ஆறாம் நம்பர்தான், வேண்டுமானால் எடு என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். ஆலை முழுக்கக் கஞ்சன் என்று பெயர் வந்தது. என் வீட்டுப் பணம் ஒரு பைசா போகாத விஷயத்தில் எனக்குக் கஞ்சன் பட்டம் என்பதை நினைக்க நினைக்க எரிச்சலாக இருந்தது. கடைசியில் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் நல்ல மனிதனாகிவிட்டேன். கேண்டீனில் வரிசையில் நிற்காமலே எனக்கு டீ வந்தது.

சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்ட ஏதாவது ஓர் ஆங்கில வார்த்தையை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்று போனில் தேடுவேன். பயன் ஒன்றும் கிடையாது. சிலருக்குச் சீட்டாட்டம், எனக்கு இது. நாளெல்லாம் 'எல்' என்ற எழுத்து அச்சடித்த அட்டைப்பெட்டிகளை அடுக்குகிறவன் என்றைக்காவது அந்த வார்த்தைக்கு வந்து சேராமல் இருக்க முடியுமா? ஒரு நாள் காலை, பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டும்போது லார்ஜைத் தேடினேன்.

படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தை அளவைக் குறித்துப் பிறந்ததே இல்லையாம். லத்தீனில் அதற்கு ஏராளம், தாராளம் என்று பொருள். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அதைக் கொடுக்கும் குணமுள்ள மனிதரைச் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருவரை லார்ஜ் என்றால் அவர் குண்டு என்று அர்த்தமில்லை, கை நீட்டிக் கொடுப்பவர் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல இடத்துக்கும் பொருளுக்கும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதை என் ஜன்னலில் நிற்கிறவர்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே என்று தோன்றியது. பெரிய மனசு பண்ணு, பெரிதாகக் கொடு. தமிழில் மனசுக்குத்தான் முதலில் அளவு பார்க்கிறோம். கொடுத்தால் பெரிய மனசு, கொடுக்காவிட்டால் சின்ன புத்தி. லத்தீன்காரனும் லால்பேட்டையிலிருந்து வருகிற எங்கள் லாரி டிரைவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு ஜன்னலில் நின்ற அத்தனை பேரிடமும் இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு லார்ஜ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். மறுநாள் காலை அவருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், லார்ஜுன்னா என்னான்னு சொல்லு பாப்போம்."

"என்னா மச்சான், காலையிலயே லார்ஜு? சாயங்காலம் வர்றியா, இன்னான்னு காட்றேன்."

புதுச்சேரிக்காரரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் முதலில் கிளாஸ்தான் ஞாபகத்துக்கு வரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். விளக்கிச் சொன்ன பிறகு கொஞ்சம் நிதானமாகப் பேசினார்.

"பிரெஞ்சுல லார்ஜுன்னா அகலம் மச்சான். அவ்ளோதான். ரோடு லார்ஜு, ஆறு லார்ஜு. ஒசரமா இருக்கிற தென்னமரத்த லார்ஜுன்னு சொன்னா வாத்தியாரு காத திருவுவாரு. அதுக்கெல்லாம் வேற வார்த்த. ஒன் நெத்தி இருக்கு பாரு, அது லார்ஜு. வருசா வருசம் ஜாஸ்தியாவுது."

என் வழுக்கையை இழுக்காமல் அவரால் ஒரு போன் பேசி முடிக்க முடியாது. அகலம் என்ற அர்த்தம் எனக்குச் சப்பென்று இருந்தது. தாராளம் என்று கேட்ட காதுக்கு அகலம் என்ன பெரிய விஷயம்? பிடித்த அர்த்தத்தை வைத்துக்கொண்டு, பிடிக்காததை அங்கேயே விட்டுவிட்டேன்.

இனி மாஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயப்பொடியை மூட்டையில் பிடிக்கிற பேக்கிங் பிரிவில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது என்று மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கும். அதற்காக ரப்பர் மாஸ்க், இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி, தலைக்குப் பின்னால் பட்டை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மாஸ்க் முதன்முதலில் வந்தபோது மூன்று சைஸிலும் கலந்து வந்தது. ஆண்களுக்கு லார்ஜைக் கொடுத்துவிட்டு இவர்கள் நான்கு பேருக்கும் ஸ்மாலை நீட்டினேன்.

"ஏன் சார், எங்களுக்கு மட்டும் சின்னதா?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். கடலூர் முதுநகரிலிருந்து வருகிறவர், கத்தோலிக்கர். மற்ற மூவருக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போனஸ் முதல் பொங்கல் சேலை வரை அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தே பழகிய இடம் அது. மாஸ்க்கிலுமா என்று கேட்கிறார். எனக்கு மனசு இளகிவிட்டது. உள்ளே போய் நான்கு லார்ஜ் எடுத்து வந்து கொடுத்தேன். நான்கு முகத்திலும் சிரிப்பு. அடுத்த தடவை சரக்குக் கேட்டு எழுதும்போது ஸ்மாலே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மிச்சமிருந்த ஸ்மால் பெட்டியைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்து லார்ஜாக மாற்றிக்கொண்டேன். செய்த காரியத்தில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்த முதுநகர் அம்மா லீவு கேட்டு என்னிடம் வந்தார், சூப்பர்வைசர் இல்லாத நாள். "பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ரெண்டு நாளு வேணும் சார்." ஆங்கிலத்தில் நல்ல வெள்ளி என்பதைத் தமிழில் பெரிய வெள்ளி என்கிறோமே, ஏன் என்று எனக்கு உடனே மூளை ஓடியது. அவரிடமே கேட்டேன். "பெரிய நாளு சார், அதான் பெரிய வெள்ளி" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். பெரிய நாளை யாரும் மீட்டர் வைத்து அளப்பதில்லை.

மாதா கோயிலில் பாடுவீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பாடகர் குழுவில் இருந்தவர்தான், இப்போது விட்டுவிட்டாராம். மேலே இழுக்கிற இடத்தில் மூச்சு பிடிக்கவில்லை, இருமல் வந்து மானம் போகிறது என்றார். "வயசாவுதுல்ல சார்." நாற்பது வயது. நானும் தலையாட்டிவிட்டு லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். இளம்பெண், குரல் உயர்த்தவே மாட்டார். வந்த வாரத்திலேயே மாஸ்க் போடுகிற எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தார். மாஸ்க்கை மாட்டி உட்கார வைத்து, தலைமேல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு கூடாரத்தைக் கவிழ்க்கிறார்கள். ஒரு துளை வழியாக இனிப்புக் கரைசலைப் புகை மாதிரி உள்ளே அடிக்கிறார்கள். தலையை அப்படி இப்படித் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், நூறிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நாக்கில் இனிப்புத் தட்டினால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம். மாஸ்க் எடுத்துக் கொடுக்க நானும் பக்கத்திலேயே நின்றேன்.

ஆண்களில் அநேகம் பேர் தேறிவிட்டார்கள். பேக்கிங் பெண்களில் முதலில் உட்கார்ந்தவர், அடித்த உடனேயே "இனிக்குது மேடம்" என்று வெள்ளந்தியாகச் சிரித்தார். சரியான மாஸ்க் கிடைக்கும்வரை அவர் பேக்கிங்கில் நிற்கக் கூடாது, யார்டு வேலைக்குப் போகட்டும் என்று அதிகாரி எழுதினார். யார்டு என்றால் வெளியே லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை, காண்டிராக்டர் வைத்ததுதான் சட்டம். இன்றைக்கு வா என்பார், நாளைக்கு வராதே என்பார். அது அதிகாரிக்குத் தெரியாது, வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. எங்களுக்கெல்லாம் தெரியும். சிரித்தவரின் முகம் தொங்கிப்போனதை வரிசையில் நின்ற மூவரும் பார்த்தார்கள்.

அடுத்தது முதுநகர் அம்மா. கூடாரத்துக்குள் புகை பரவியது. தலையைத் திருப்பினார், குனிந்தார், எண்ணினார்.

"இனிக்குதாம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

அதிகாரி இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டுக் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். ஆனால் நான் பக்கவாட்டில் நின்றேன். மாஸ்க்கின் ஓரம் அவர் கன்னத்தில் படவே இல்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி. தொண்டை ஏறி ஏறி இறங்கியது, வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டே எண்பத்தேழு, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி பேப்பரில் தேறியதாக எழுதினார். மீதி இருவரும் அதே மாதிரி ஒன்றுமில்லை என்றே சொல்லித் தேறினார்கள்.

மத்தியானம் அவர் கையுறை மாற்ற ஜன்னலுக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"நெசமா இனிக்கலியாம்மா?"

"வாய தொறந்தா வெளிய அனுப்பிடுவாங்க சார். ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க. நீங்க கண்டும் காணாம இருங்க, போதும்."

நான் கையுறையை எடுத்து நீட்டினேன். எதைக் கேட்டாலும் கொடுக்கிறவன் என்று என்னைப் பற்றி ஒரு நம்பிக்கை அவருக்கு. இதையும் கொடுத்துவிடுவேன் என்று நினைத்துப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வேறு ஒன்றும் ஓடவில்லை, பழக்க தோஷத்தில் சைஸ் என்ற வார்த்தையைத் தேடினேன். அதற்கு ஆதியில் உட்கார்வது என்று பொருளாம். பழைய இங்கிலாந்தில் அதிகாரிகள் கூடி உட்கார்ந்து, ரொட்டி இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்த உட்கார்தலின் பெயர் தேய்ந்துதான் சைஸ் ஆகியிருக்கிறது. சாதாரண நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்குப் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். இந்த ஆலையில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய ஆள் நான்தானே? நான் உட்காரவே இல்லையே. கஞ்சன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஜன்னலில் நின்றபடியே அள்ளிக் கொடுத்துவிட்டேன். மச்சான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. லார்ஜ் என்றால் அகலம். அந்த மாஸ்க் அகலமான முகத்துக்குச் செய்தது. நான்கு ஒடுங்கிய முகங்களுக்கு அதை மாட்டிவிட்டு மூன்று வருடமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை நேராக அதிகாரியிடம் போனேன். மூன்று பேரும் சொன்னது உண்மையில்லை, மூன்று மாஸ்க்கும் கசிகிறது, ஸ்மால் வேண்டாம் என்று நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மாஸ்க் துணியில்ல சார், பெருசா வாங்கி வெட்டித் தெச்சிக்கிறதுக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர்கள் யாரும் யார்டுக்குப் போகக் கூடாது, ஸ்மால் வரும்வரை என் ஸ்டோரிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். முதலில் அனுப்பப்பட்டவரையும் சேர்த்துத்தான் கேட்டேன். மேனேஜருக்குத் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் பேசிப் பார்க்கிறேன் என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டுச் சம்மதித்தார்.

நான்கு பேரும் ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைகளை ஜோடி சேர்த்தார்கள். மூன்று பேர் சாதாரணமாகப் பேசினார்கள். முதுநகர் அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்கன்னு சொன்னேன். காட்டிக் குடுத்துட்டீங்க."

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா."

"எங்க நல்லதுக்குத்தான் அன்னிக்கு லார்ஜும் குடுத்தீங்க."

சமாளிக்கப் பார்த்து, ஸ்மால் என்றால் பழைய ஆங்கிலத்தில் மட்டம் என்று அர்த்தமில்லை, ஒடுக்கமானது, மெல்லிசானது என்றுதான் அர்த்தம் என்று ஆரம்பித்தேன். "வார்த்த கெடக்கட்டும் சார்" என்று அடுத்த கையுறையை எடுத்தார். என் வாழ்க்கையில் யாரும் என் சொல்லாராய்ச்சியை இவ்வளவு சரியான நேரத்தில் நிறுத்தியதில்லை.

பத்து நாளில் ஸ்மால் வந்தது. நானே முகம் அளந்தேன். அதிகாரி கொடுத்த அட்டை ஒன்று இருந்தது, அகலமும் நீளமும் பார்க்கிற மாதிரி. நான்கு பேரில் மூவருக்கு ஸ்மால், ஒருவருக்கு மீடியம். ஸ்டோரிலேயே நாற்காலி போட்டுச் சோதனையை மறுபடி வைத்தோம்.

முதுநகர் அம்மா கடைசியாக உட்கார்ந்தார். பட்டையை நான்தான் இழுத்துச் சரி செய்தேன். ரப்பர் கன்னத்தில் ஒட்டி உட்கார்ந்தது. புகை அடித்தார்கள். திரும்பினார், குனிந்தார், எண்ணினார். பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"இனிக்குதாம்மா?" என்றார் அதிகாரி.

தலையை மட்டும் இல்லை என்று அசைத்தார். மறுபடி அடித்தார்கள். மறுபடியும் இல்லை. கூடாரத்தை எடுத்ததும் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தேறிவிட்டீர்கள், நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போகலாம் என்றார் அதிகாரி. அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சார், அன்னிக்கு வாயெல்லாம் இனிச்சிது. தொண்ட வரைக்கும் இனிச்சிது. அப்போ இத்தினி நாளா அந்தப் பவுடரும் இப்டிதான் உள்ள போயிருக்குமா?"

மற்ற மூவரும் கையுறையைக் கீழே வைத்துவிட்டார்கள். அதிகாரி வாயைத் திறந்தார். கேட்டது என்னிடம் என்பதால் நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாம்மா. போயிருக்கும்."

அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. முந்தானையால் மாஸ்க்கின் உள்பக்கத்தை ஒருமுறை துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்போ எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும்னு மேனேஜருக்கு எழுதிக் குடுங்க சார்."

எழுதினேன். மற்ற மூன்று பேரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் எழுதினேன்.